கறையும் கலக்கமும்

கர்ப்பத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்ணொருத்தி, விலக்கல்லாத நாளில் துணியிற் சிறிது உதிரக்கறை கண்டுவிட்டால், கரு தங்கிவிட்டதோ என்று கலங்குகிறாள். கோலசிலாங்கூர், ராசா மூசா பக்கத்துத் தோட்டப் பெண்ணாயின் யாரைக் கேட்பாள்? மாமியாரோ, கடவுள் கொடுப்பதைத் தடுத்ததன் பலன் என்பார். கணவனோ, யாரைக் கேட்டுத் தின்றாய் என்பான். ஆகவே வாய் திறவாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். பிறகு மெய்யாகவே கர்ப்பமாகிறாள். உடனே ஊரார், மாத்திரை பலிக்காதென்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்!

இத்தீர்ப்பு முழுப்பொய் என்போம். மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் இவ்விடையுதிரம் பலருக்கும் காண்பதே. ஹார்மோனால் கருப்பையின் உட்படலம் மெலிந்து சிறிது சிறிதாய் உதிர்கிறது. வேளை தவறி உண்டாலும் காணும். மூன்று மாதத்திற்கொரு முறை போடும் ஊசியிலும் காணும். கறை மாத்திரமே கர்ப்பத்திற்குச் சாட்சியாகாது.

1956-ல் போர்ட்டோரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் இம்மாத்திரை சோதிக்கப்பட்டது. நூற்றுக்குப் பதினேழு பேர் உபாதைப்பட்டதாக டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே அம்மையார் அறிவித்தார். ஆராய்ச்சித் தலைவரான பிங்கஸோ, அவற்றை மனப்பிரமை என்று தள்ளினார். அதே மருந்தில் மாசாகக் கலந்திருந்த ஈஸ்ட்ரோஜனை நீக்கியபோது இடையுதிரம் மிகுந்தது. மறுபடியும் அதைச் சேர்த்தார்கள். மருந்தின் அளவால் வருவதைப் பாவத்தின் பலன் என்பது அறிவாகுமா?

சிலாங்கூரில் குடும்பத்திட்டச் சங்கம் 1953-லேயே தோன்றியது. மலேசியாவில் குடும்பத்திட்டச் சட்டம் 1966-ல் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், மாத்திரை கொடுப்பவர் இக்கறையைப்பற்றி அவளுக்குப் புரியும் தமிழில் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

அவர் சொல்லாவிடில் நாம் சொல்லுகிறோம். கறை கண்டால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாள்தோறும் ஒரே வேளையில் உண்ணுங்கள். மாத்திரை தவறியிருந்தாலோ, உண்டவுடன் வாந்தி கண்டிருந்தாலோ, காசநோய்க்கு ரிபாம்பிசின் உட்கொண்டாலோ ஐயத்திற்கு இடமுண்டு. சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாதங் கடந்தும் கறை நில்லாவிடினும், புணர்ச்சிக்குப்பின் உதிரங் கண்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிவயிற்றில் கடும்வலியும் மயக்கமும் சேர்ந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆண்மக்களையும் ஒன்று கேட்கிறோம். பிள்ளைக்குத் தகப்பனென்று உரிமை பேசுகிறீர்களே. அப்பிள்ளை இப்போது வேண்டாமென்று அவள் தனியே அஞ்சும் இரவில், மறுநாள் மருத்துவசாலைக்குத் துணைபோக உங்களுக்கு ஒருநாட் கூலி பெரிதாகிவிட்டதா?