ஹீட்டர் ‘டிரிப்’ ஆனால் பச்சை வயரைக் கழற்றுவதா?

குளியலறையில் சுடுநீர் ஹீட்டரைத் தட்டினால் வீடு முழுக்க விளக்கு அணைந்துவிடுகிறது. தாமான் வீடுகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே பக்கத்துத் தெருவில் கைவேலை தெரிந்த ஒருவர் அழைக்கப்படுகிறார். ஹீட்டரைத் திறந்து பச்சை நிற எர்த் வயரைக் கழற்றிவிட்டு மூடுகிறார். அதன்பின் விளக்கு அணைவதில்லை. ஐம்பது வெள்ளியோடு வேலை முடிந்தது என்று வீட்டாரும் நிம்மதி அடைகிறார்கள்.

பழுது அப்படியே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்த வழி மட்டும்தான் அடைக்கப்பட்டது.

ஹீட்டரின் சூடேற்றும் கம்பி பழசாகி உள்ளே ஈரம் புகுந்தால் மின்சாரம் கசியும். எர்த் வயர் இருந்தால் கசிவு மண்ணுக்குப் போகும். போன மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லை என்பதைக் கண்டு, டிபி போர்டில் உள்ள ஆர்சிசிபி (பலர் இன்னும் இஎல்சிபி என்றே சொல்கிறார்கள்) விழும். எர்த் இல்லாவிட்டால், குறிப்பாகப் பிளாஸ்டிக் குழாய் போட்ட வீடுகளில், கசிவு போக வழியின்றிக் காத்திருக்கும். ஈரத் தரையில் நின்று ஒருவர் தொட்டால் அவர் உடம்பே வழி ஆகிவிடும். 20 ஆம்பியர் எம்சிபி இதில் காப்பாற்றாது. சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். அவ்வளவு சிறிய மின்சாரத்தை எம்சிபி கவனிப்பதே இல்லை.

மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகளில் 36ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. தரை நனையக்கூடிய இடத்திற்கு 10 மில்லி ஆம்பியரைத் தாண்டாத கருவி வேண்டும். கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30. மற்ற இடங்களுக்கு 100. ஆனால் இடி இடிக்கும்போதெல்லாம் விழுகிறதே என்று 30ஐக் கழற்றி 100ஐ மாட்டிய வீடுகளும் உண்டு. எரிச்சல் புரிகிறது, ஃபிரிட்ஜில் வைத்த மீன் கெட்டுப்போனால் யாருக்கும் கோபம் வரும். அதற்காகச் செய்யும் மாற்றம் குளியலறைக்கும் சேர்த்தே நடந்துவிடுகிறது.

மாதம் ஒருமுறை ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துபவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பொத்தான் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்பதை மட்டுமே சோதிக்கும். எர்த் அறுந்திருந்தாலும் அது விழும். மலேசிய வீடுகளில் எர்த் கம்பி பெரும்பாலும் வீட்டோரம் மண்ணில் அடிக்கப்பட்டிருக்கும். சமையலறையை நீட்டும்போதும் முன்புறம் சிமெண்ட் போடும்போதும் அது வெட்டுப்படுகிறது, துருப்பிடித்தும் போகிறது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் இது தெரியாது.

நிறக் குழப்பமும் ஒரு காரணம். மலேசியச் சுவர் வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். சாதனத்தோடு வரும் வயரிலோ பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் தண்ணீர் சுடும். அதனால் தவறு வெளியே தெரியாது. 3.6 கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். அதை 13 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது வேறொரு வம்பு.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், பழைய வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. அங்கு 1985 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகளுக்கு மட்டும் இருந்த ஆர்சிசிபி கட்டாயம், 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் விரிக்கப்பட்டது. கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசமும் 2025இல் முடிந்தது.

மலேசியத் தோட்டங்களில் கேள்வி வேறு: செலவு யாருடையது? தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், போதுமான மின்சாரம் தருவதையும் வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பதையும் முதலாளியின் கடமையாக வைத்துள்ளது. வீட்டு வயரிங் பழுதை மண்டோர் காதில் வாய்வார்த்தையாகப் போட்டுவிட்டு வருவதைவிட, தேதியோடு எழுதி அலுவலகத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்வது மேல்.

பட்டணத்து வீட்டுக்காரர்கள் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழைக்கலாம். அவரிடம் இரண்டு கேள்வி போதும்: எர்த் கம்பி எங்கே இருக்கிறது, ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் கருவி உண்டா? பதிலை வாயால் சொல்லாமல் மீட்டரில் காட்டச் சொல்ல வேண்டும். அதன் பிறகு காசைக் கொடுக்கலாம்.