கூடம்தான் கோணல்!



‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழியை நாம் எல்லோரும் படிச்சிருக்கோம். தன் குறையை மறைக்க வேறொன்றின் மேல் பழி போடுகிறவர்களைக் கேலி செய்யும் பழமொழி அது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. உண்மையிலேயே கூடம் கோணலாக இருந்தால் என்ன செய்வது? அப்பவும் ஆடுகிறவளைத்தான் திட்டணுமா?

போன வருட ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். நம்ம ஊரில் கிட்டார் வாசிக்கும் ஒரே பெண் அவர்தான். வாசிக்கத் தொடங்கியதும் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் இருந்து தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி சத்தம் வந்தது. முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக் கொண்டார்கள். பாதியிலேயே நிறுத்தச் சொல்லி விட்டார்கள். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கிட்டாரு?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. இந்த வருட நிகழ்ச்சிப் பட்டியலில் கிட்டார் இல்லை. அதற்குப் பதில் பென் டிரைவ் பாட்டுக்கு நடனமாம்.

இது நியாயம் இல்லை என்பது என் கருத்து. கோபத்தில் சொல்லவில்லை. காரணத்தோடுதான் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிக் கம்பிச்சுருளும் இருக்கும். இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் உண்டாகும். நம் அறிவியல் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் அது. அந்தச் சின்ன மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு உயரம் உண்டு. குட்டையான வாசற்படியில் நெட்டையான ஆள் நுழைந்தால் என்ன ஆகும்? தலை இடிக்கும். அதே மாதிரி, தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் வந்தால் அலையின் மேடும் பள்ளமும் தட்டையாக வெட்டப்பட்டு விடும். வளைந்து போக வேண்டிய அலை சதுரம் மாதிரி ஆகிவிடும். அப்போது அந்தச் சுரத்தில் இல்லாத நிறைய மேல் சுரங்கள் புதிதாகச் சேரும். அதுதான் நமக்குக் கரகரப்பாகக் கேட்கிறது.

இப்போது நம் மைக் செட்டுக்கு வருவோம். மைக்கில் பேசும்போது வருவது சில மில்லிவோல்ட்தான். கிட்டாரை ஓங்கி மீட்டினால் ஒரு வோல்ட் வரை கூட வரும். போன வருடம் கிட்டார் ஒயரை மைக் செருகும் ஓட்டையில்தான் செருகினார்கள். குழந்தைக்குப் பால் ஊட்டும் சங்கில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்த கதைதான். சத்தம் சரியில்லை என்றதும் வால்யூமைக் கூட்டினார்கள். கரகரப்பு இன்னும் கூடியது. அந்த நேரத்தில் யார் வந்து வாசித்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

ஸ்பீக்கரும் ஒரு காரணம். கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் ஒரு வினாடிக்குச் சுமார் 82 அதிர்வுகள். குழாய் ஸ்பீக்கரில் இவ்வளவு கனத்த ஒலி சரியாக வராது. அது பேச்சு தூரத்துக்குக் கேட்பதற்காகச் செய்தது. நம் காது ரொம்ப நுட்பமாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. குழாய் ஸ்பீக்கர் ஓங்கிக் கத்துவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கனம் போய், கூர்மை மட்டும் மிஞ்சினால் காது வலிக்காமல் என்ன செய்யும்?

கிட்டாருக்கென்றே செய்யும் ஆம்ப்ளிஃபயரில் பெரும்பாலும் 12 அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் இருக்கும். அது சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் குறைந்து விடும். அதனால் கரகரப்பு வந்தாலும் அதன் முள்முனை மழுங்கி இதமாகக் கேட்கும்.

“அப்போ கரகரப்பே தப்பா?” என்று கேட்கலாம். இல்லை. வேண்டும் என்றே வரவழைத்தவர்களும் உண்டு. 1958-இல் அமெரிக்காவின் லிங்க் ரே என்ற கலைஞர் ‘ரம்பிள்’ என்ற இசைக்காக ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டாராம். 1964-இல் இங்கிலாந்தின் ‘தி கிங்க்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறினார். உலகமே அந்த ஓசையை ரசித்தது. அவ்வளவு தூரம் ஏன்? நம் தம்புராவிலேயே தந்திக்கு அடியில் ஒரு நூலை வைத்துத்தானே அந்த ரீங்காரத்தை வரவழைக்கிறார்கள். வேண்டும் என்று வைத்தால் அது அழகு. வேண்டாத இடத்தில் தானாக வந்தால் அது பழுது. பழுது என்றால் தேடிச் சரி செய்ய வேண்டியதுதானே!

தேடினோம். குடியரசு தினத்தன்று கொடியேற்றம் முடிந்த பிறகு, எங்கள் அறிவியல் ஆசிரியை அனுமதியோடு, மைக் செட் அண்ணனிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினோம். “ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாது” என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதன்படியே செய்தோம்.

ஒன்று: ஆம்ப்ளிஃபயரைத் தொடாமல் கிட்டாரில் உள்ள வால்யூம் திருகை 10-இல் இருந்து 3-க்குக் குறைத்தார் அக்கா. கரகரப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அப்படியென்றால் நெரிசல் நுழைவாயிலிலேயே இருக்கிறது என்று புரிந்தது. அங்கே வெட்டுப்பட்ட அலையைப் பின்னால் உள்ள வால்யூமைக் குறைத்துச் சரி செய்ய முடியாது. சத்தம்தான் குறையும், கரகரப்பு அப்படியே இருக்கும்.

இரண்டு: மைக் ஓட்டையில் இருந்து எடுத்து, பாட்டுப் போடும் ஆக்ஸ் ஓட்டையில் அண்ணன் மாட்டினார். ஓசை கொஞ்சம் மந்தமானது. ஆனால் கீறல் இல்லை.

மூன்று: குழாயைக் கழற்றிவிட்டுப் பாக்ஸ் ஸ்பீக்கரை மாட்டினார். முதல் தடவையாகத் தடித்த கம்பியின் ஓசை கும்மென்று கேட்டது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! (இந்த வேலை எல்லாம் அண்ணன்தான் செய்தார். கரண்ட் விஷயம், நாம் யாரும் தொடக் கூடாது.)

நான்கு: ஒயரை அசைத்தால் ‘கர்ர்… கர்ர்’ என்று வந்தது. முனையில் பற்றவைப்பு விட்டிருந்தது. அண்ணன் ஈயம் வைத்தார்.

ஐந்து: ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும், மெதுவாக வாசித்தால்கூட, ‘டர்ர்’ என்று அதிர்ந்தது. பாக்ஸின் முன்பக்கக் கம்பி வலையில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. முடுக்கியதும் நின்றுவிட்டது.

ஐந்து காரணம் கண்டுபிடித்தோம். அந்த ஐந்தில் அக்காவின் விரல் ஒன்றுகூட இல்லை. அவர் பெண் என்பதும் அதில் இல்லை.

“பென் டிரைவ் பாட்டு மட்டும் எப்படித் தெளிவா வருது?” என்று சில பேர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அந்தப் பாட்டை ஸ்டூடியோவிலேயே அளவு பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு உரிய ஓட்டையில்தான் அதைச் செருகுகிறோம். ஒருத்திக்குச் செருப்புப் போட்டுத் தார் ரோட்டில் ஓடவிட்டு, இன்னொருத்தியை முள்ளுக்காட்டில் வெறுங்காலோடு ஓடவிட்டு, யார் ஜெயித்தார்கள் என்று கேட்பது சரியா?

“விழா அன்னிக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?” என்றும் சொல்கிறார்கள். பந்தலுக்கு நேரம் இருக்கு, கோலத்துக்கு நேரம் இருக்கு, சிறப்பு விருந்தினர் நாற்காலியைத் துடைக்க நேரம் இருக்கு. கூட்டம் வருவதற்கு முன்னால் பத்து நிமிடம் மைக் செட்டைச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்காதா? அந்தப் பத்து நிமிடம் கிட்டாருக்கு மட்டும் இல்லை. காலை வழிபாட்டில் நம்ம பெண்கள் குறள் சொன்னால் “கீச்சுக் குரல்” என்று சிரிக்கிறோம். அதுவும் இதே கோளாறுதான். வாயை மைக்கில் ஒட்ட வைத்து, “சத்தமா சொல்லு, சத்தமா சொல்லு” என்று சொல்லிக் கத்த வைத்தால் அங்கேயும் அலையின் தலை வெட்டுப்படும். ஒரு சாண் தள்ளி நின்று சாதாரணமாகச் சொன்னாலே தெளிவாகக் கேட்கும்.

ஆகவே விழாக் குழுவுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் மூன்று. அக்காவின் பெயரைத் திரும்பவும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அன்று மேடைக்கு ஒரு பாக்ஸ் ஸ்பீக்கராவது வைக்க வேண்டும். அக்காவிடம் 10 வாட் சின்னக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. அதை மேடையில் வைத்து, அதன் ஸ்பீக்கருக்கு முன்னால், நடு மையத்துக்குக் கொஞ்சம் ஓரமாக ஒரு மைக்கை வைத்தால் போதும். பெரிய கச்சேரிகளில் கிட்டாருக்கு இப்படித்தான் மைக் வைக்கிறார்கள். நடுவில் வைத்தால் கூர்மை அதிகம், ஓரத்தில் வைத்தால் இதம்.

அக்கா இந்த வருடத்தோடு பள்ளியை விட்டுப் போகிறார். அடுத்த வருடம் பார்த்துக்கலாம் என்று சொல்ல அவருக்கு அடுத்த வருடம் இல்லை. “கிட்டாரை வித்துட்டுத் தையல் மெஷின் வாங்கிடலாமா” என்று அவர் வீட்டில் பேச்சு நடக்கிறதாம். தையல் நல்ல தொழில்தான். ஆனால், ‘இவளுக்கு வாசிக்க வராது’ என்ற பொய்யான காரணத்துக்காக அந்தக் கிட்டார் விலை போகக் கூடாது.

தோழிகளே, தோழர்களே! உங்கள் கருத்தையும் எழுதி, ஒன்பதாம் வகுப்பு வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். கையெழுத்து நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காரணம் நன்றாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி