பூட்டைப் படித்தால் போதுமா?

2023-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் விடியவில்லை. திருவண்ணாமலை நகரம் அயர்ந்து தூங்கிக்கொண்டு இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு கும்பல் கைவரிசையைக் காட்டியது. கியாஸ் கட்டரால் ஏ.டி.எம். எந்திரங்களை வெட்டித் திறந்தது. நகரில் மட்டும் அல்ல. போளூரிலும் கலசபாக்கத்திலும் இதே கதை. மொத்தம் 4 எந்திரங்கள். போன பணம் 70 லட்சம் ரூபாய்க்கு மேல்! தடயம் கருகட்டும் என்று எந்திரத்துக்குத் தீயும் வைத்தார்கள்.

போலீசார் திகைத்து நிற்கவில்லை. கொள்ளை நடந்த விதத்தைப் பார்த்தார்கள். இது உள்ளூர்த் திருடன் வேலை அல்ல, வடக்கே இருந்து வந்த கும்பலின் வேலை என்று கணித்தார்கள். கேமரா காட்சிகளை வைத்துத் துப்புத் துலக்கினார்கள். சில நாட்களில் அரியானாவில் ஆட்கள் பிடிபட்டனர்.

இதில் இரண்டு அறிவு வேலை செய்தது. ஒன்று, திருடனின் புத்தியைத் தெரிந்த அறிவு. அதற்குக் குற்றவியல் என்று பெயர். மற்றொன்று, எந்திரத்தின் பாஷையைத் தெரிந்த அறிவு. அதுதான் சைபர் பாதுகாப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க இன்று பல்கலைக்கழகங்களில் வழி பிறந்திருக்கிறது.

"கம்ப்யூட்டர் படித்தால் வேலை கிடைக்கும். குற்றத்தைப் பற்றிப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

புதுத் திருடனைப் பாருங்கள். அவனுக்குக் கியாஸ் கட்டர் வேண்டாம். ஒரு டெலிபோன் போதும். "போலீஸ் பேசுகிறேன். உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறேன். அறையை விட்டு நகரக்கூடாது" என்று மிரட்டுகிறான். அப்படி ஒரு கைது நமது சட்டத்திலேயே கிடையாது! ஆனாலும், ஓய்வு பெற்ற ஆசிரியர் நடுங்கிப்போய்ப் பணத்தை அனுப்பிவிடுகிறார். இங்கே எந்தப் பூட்டும் உடையவில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டார். பூட்டை மட்டும் படித்தவன் என்ன செய்வான்?

பேசியவன் யார் என்று தேடினால் இன்னும் வேதனை. 2022-ம் ஆண்டு மியான்மரில் இருந்து தமிழக வாலிபர்கள் மீட்கப்பட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போய், அடைத்து வைத்து, மோசடி வேலை செய்ய வைத்திருந்தார்கள். அவன் குற்றவாளியா? குற்றத்துக்குப் பலியானவனா? கம்ப்யூட்டர் இதற்குப் பதில் சொல்லாது.

மறுபக்கமும் உண்டு. மனிதனை மட்டும் படித்தவன் கோர்ட்டில் தோற்பான். கைப்பற்றிய செல்போனில் ஓர் எழுத்து மாறினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். அதனால் அந்தப் பதிவுக்கு ஒரு கணக்கு எண் எடுத்து வைக்கிறார்கள். பதிவுக்குக் கைரேகை மாதிரி அது. உள்ளே புள்ளி ஒன்று மாறினாலும் எண் மாறிவிடும். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம் இந்த எண்ணைச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்கிறது.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2004-ம் ஆண்டிலேயே சென்னை பார்த்தது. விவாகரத்து ஆன ஒரு பெண்ணின் பெயரில் ஒருவன் இணையத்தில் ஆபாசச் செய்தி போட்டான். கண்டவர்கள் எல்லாம் அவளுக்குப் போன் செய்தார்கள். அவள் துணிந்து புகார் கொடுத்தாள். அவளை மணக்க ஆசைப்பட்டு ஏமாந்தவன்தான் அவன். மும்பையில் சிக்கினான். பிரவுசிங் சென்டர்காரர்கள் சாட்சி சொன்னார்கள். எழும்பூர் கோர்ட்டு அதே ஆண்டு நவம்பரில் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை அது!

இந்தப் படிப்புக்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டியது இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1965-ம் ஆண்டிலேயே மனோதத்துவத் துறையின் ஒரு பிரிவாகக் குற்றவியல் தொடங்கியது. சைபர் தடயவியலும் இன்று அங்கே எம்.எஸ்சி. படிப்பாக இருக்கிறது. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் ஆசிரியராக இருந்த கே.ஜெய்சங்கர், 2007-ம் ஆண்டு "சைபர் குற்றவியல்" என்ற துறைக்கே பெயர் சூட்டி, அதற்கென ஓர் ஆராய்ச்சி இதழும் தொடங்கினார். தெருவில் சாதுவாக இருப்பவன் இணையத்துக்குள் போனதும் ஏன் வேறு ஆளாக மாறுகிறான் என்பது அவருடைய ஆராய்ச்சி. உலகம் அதை எடுத்துப் பேசுகிறது. நம் ஊரில்தான் பலருக்குத் தெரியாது!

மாவட்டந்தோறும் சைபர் குற்றப் போலீஸ் பிரிவு வந்துவிட்டது. படித்த ஆட்கள் வேண்டாமா? செங்கத்துப் பையனும் ஆரணிப் பெண்ணும் சென்னைக்கும் நெல்லைக்கும் அலையாமல், மாவட்டத்து அரசுக் கல்லூரியிலேயே இதைப் படிக்க வழி செய்ய வேண்டும். சர்க்கார் இதை யோசிப்பது நல்லது.

பெற்றோரும் உஷாராக இருக்க வேண்டும். "சைபர்" என்று பெயர் வைத்துவிட்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. பணம் கட்டும் முன்பு நேரில் போய், சோதனைக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கைப்பற்றிய செல்போனை எப்படிப் பரிசோதிப்பது என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறார்களா? சாட்சியச் சட்டம் யார் நடத்துகிறார்? பாதிக்கப்பட்டவரிடம் பேசக் கற்றுத் தருகிறார்களா? பட்டத்துக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.