மாடியில் ஒரு குளியல் தொட்டி

பெருமாள்புரத்தில் மகன் கட்டும் வீட்டின் மாடிக் குளியலறைக்குத் தொட்டி வாங்கப் போகிறான். சுவரோடு சேர்த்துப் பதிப்பதல்ல. அறை நடுவே தனியாக நிற்குமாம். தாமிரபரணி ஓடும் ஊரில் தொட்டி எதற்கு என்று கேட்கலாம்தான். ஆனால் நானே குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கிக் குளித்துப் பல வருடம் ஆகிறது. ஆகவே அதைக் கேட்கவில்லை. எந்தப் பொருளில் வாங்குவது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

கடையில் காட்டியவை நான்கு: அக்ரிலிக், எனாமல் பூசிய வார்ப்பிரும்பு, கல்தூளையும் பிசினையும் சேர்த்து வார்த்த செயற்கைக் கல், செம்பு. மகனுக்கு வார்ப்பிரும்பின் மேல் கண். “சூடு ரொம்ப நேரம் நிக்கும்ப்பா, தலைமுறைக்கும் உழைக்கும்” என்றான்.

இரண்டும் உண்மையே. ஆனால் சூடு நிற்க வேண்டும் என்பது பனி பெய்யும் தேசத்துக் கவலை. சித்திரை மாதம் மதியத்தில் நம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியுமா? மார்கழிக்கு வேண்டுமே என்றால், வெந்நீருக்கு எங்கே போவது? 25 லிட்டர் ஹீட்டரில் 60 டிகிரிக்குக் காய்ந்ததை, 26 டிகிரித் தண்ணீரோடு 40 டிகிரிக்கு விளாவினால் 60 லிட்டர் சொச்சம்தான் தேறும். தொட்டிக்கு 200 லிட்டர் வேண்டும்.

அடுத்தது கனம். எழுத்தர் புத்தி, பென்சிலை எடுத்துவிட்டேன். வார்ப்பிரும்புத் தொட்டி சுமார் 150 கிலோ, தண்ணீர் 200, ஆள் 70. ஆக 420 கிலோ. 1.7 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம் என்றால் சதுர மீட்டருக்கு 330 கிலோ விழுகிறது. வீட்டுத் தளங்களின் பயன்பாட்டுச் சுமைக்கு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தளம் இடிந்து விழும் என்று நான் சொல்லவில்லை. கம்பி கட்டும் முன்பே இன்ஜினியரிடம் சொல்லியிருக்க வேண்டிய பொருள் அது. எங்கள் தளமோ வைகாசியிலேயே போட்டாயிற்று. செயற்கைக் கல்லும் ஏறக்குறைய அதே கனம். அக்ரிலிக் 40 கிலோதான். அதற்கும் அவரை ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும்.

செம்பு என்றதும் எனக்குக் காரைக்கால் பள்ளி ஞாபகம் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் மரா என்றொருவர் வருவார். தோல் நோய்க்காகத் தொட்டியிலேயே கிடந்து, குறுக்கே பலகை போட்டு எழுதிக்கொண்டிருந்தவர். 1793 ஜூலை 13 அன்று ஷார்லொத் கொர்தே அங்கேயே அவரைக் குத்திக் கொன்றாள். குளிக்கும்போதும் கோப்பு பார்த்தால் இப்படித்தான் என்று ஆபீசில் நான் சொல்லிச் சிரித்ததுண்டு. போகட்டும். கார்த்திகைக்குக் கார்த்திகை குத்துவிளக்குக்கே புளி போட்டுத் தேய்க்கிற வீட்டில் செம்புத் தொட்டியை யார் தேய்ப்பது?

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் போர் தண்ணீரில் உப்பு. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வராத நாளெல்லாம் அதுதான். உப்புக்கறை தெரிந்ததும் நம் வீடுகளில் ஆசிட் பாட்டிலைத் தூக்கிவிடுவார்கள். எனாமல் பளபளப்பை இழக்கும். ஓரம் பெயர்ந்தால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். பளிங்கு என்றால் நுரைத்தே போகும். அக்ரிலிக்குக்குத் தேய்க்கும் பவுடரும் தின்னரும் ஆகாது, ஆனால் கீறல் விழுந்தால் மெருகேற்றிவிடலாம். கறை படியுமுன் துணியால் துடைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து.

ஆகவே அக்ரிலிக் என்றேன். பின்பக்கம் ஃபைபர் கனமாகப் பூசியதாகப் பார். தட்டினால் தகரம் மாதிரி அதிரக் கூடாது.

அவன் ஒப்புக்கொண்டான். பிறகுதான் என் மனைவி வாய் திறந்தாள். “அந்தச் சுவரைத் தாண்டி நான் எப்படி உள்ளே இறங்க?” தொட்டியின் விளிம்பு இரண்டடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நடு அறையில் நிற்பதால் பிடித்துக்கொள்ளச் சுவரும் கிடையாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த காலோடு அதில் ஏறி இறங்குவதை நினைத்தேன். பொருளைப் பற்றி இவ்வளவு கணக்குப் போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

தொட்டி பேரப்பிள்ளைகளுக்கு என்று முடிவாயிற்று. மூலையில் ஒரு குழாய், வாளி, உட்காரப் பலகை, சுவரில் கைப்பிடி. பிளம்பர் நாளை வருகிறார். கைப்பிடி எந்த உயரத்தில் என்று அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, கரியால் கோடு போட்டிருக்கிறேன்.