கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டு



நான் போகின்ற மாதர் சங்கக் கூட்டங்களில் கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் பேசப்படுவது சலரோகமும் பிரஷரும்தான். நாற்பது வயதைத் தாண்டாதவர்களும் கிளினிக் கொப்பியுடன் வருகிறார்கள். இலங்கையில் 2018, 2019 ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்றின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்குக் காலில் வந்த புண் ஆறாவிட்டால் கூலி வேலை நிற்கும். வேலை நின்றால் அடுப்பும் நிற்கும்.

"அந்தக் காலத்திலே குரக்கனும் ஒடியலும் சாப்பிட்டம், இந்த வருத்தங்கள் இல்லை" என்று அம்மம்மாமார் சொல்வார்கள். இதில் உண்மை உண்டு. கைக்குத்தரிசியிலும் குரக்கனிலும் ஒடியலிலும் நார்ச்சத்து அதிகம். அது உணவிலுள்ள மாச்சத்து சீனியாக மாறி இரத்தத்தில் கலப்பதை மெதுவாக்குகிறது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியமும் உண்டு. ஒடியல் கூழில் மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை என்று எல்லாம் சேர்ந்துவிடும். ஒரு கோப்பை கூழே முழுச் சாப்பாடு. அத்தோடு மா இடித்தலும் தண்ணீர் அள்ளுதலும் அவர்களின் உடலுக்குப் பயிற்சியாக இருந்தன.

இந்தச் சாப்பாடு எங்களை விட்டுப் போனது எங்கள் விருப்பத்தினால் மட்டுமல்ல. இடப்பெயர்வுகளின்போது வயலும் பனங்காணியும் கைவிட்டுப் போயின. நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. 2009இல் செட்டிகுளம் முகாம்களிலும், பின்னர் மீள்குடியேறிய வீடுகளிலும் அதுவே தொடர்ந்தது. அந்த உணவு எங்கள் உயிரைக் காத்தது. ஆனால் ரொட்டியும் சீனித் தேநீரும் நாவில் நிலைத்துவிட்டன. இன்று வேலைக்கு ஓடும் அவசரத்தில் பாணும் பணிசும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் நான் வீடுகளில் கவனிப்பது இன்னொன்று. என்ன சமைத்தோம் என்பதைப் போலவே, அது யாருடைய தட்டுக்குப் போகிறது என்பதும் முக்கியம். முருங்கையிலை வறையும் மீன் துண்டும் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போகும். கடைசியாகச் சாப்பிடும் தாய்க்கு மிஞ்சுவது சோறும் குழம்பும்தான். பசிக்கு அவள் சோற்றைக் கூட்டிப் போடுகிறாள். கறிச்சட்டியில் நல்ல உணவு இருந்தும் அது அவளைச் சேர்வதில்லை.

ஆகவே, சமைத்தவுடன் உங்கள் பங்கு வறையையும் மீனையும் ஒரு கோப்பையில் எடுத்து மூடி வையுங்கள். இது சுயநலமல்ல. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு அல்லது புட்டு, கால்வாசி மீன், முட்டை, பருப்பு அல்லது பயறு என்று இருக்கட்டும். விலை கூடிய மீன் தேவையில்லை. சூடையும் நெத்தலியும் போதும். வேலியில் முருங்கை, கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வைத்தால் கீரைக்குக் காசு தேவையில்லை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பழையது எல்லாமே நல்லது என்றில்லை. பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியைக் கூட்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றில் உப்பு அதிகம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். குரக்கன் புட்டையும் சலரோகக்காரர் அளவோடுதான் சாப்பிட வேண்டும். ஒடியல் மாவை ஊறவிட்டு, அந்தக் கசப்பு நீரை வடித்த பின்பே சமையுங்கள்.

முக்கியமாக, குரக்கன் சாப்பிடுகிறேன் என்று கிளினிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். உணவு நோய் வராமல் தடுக்க உதவும். வந்த நோயைக் கட்டுப்படுத்தக் குளிசைக்குத் துணையாக நிற்கும். குளிசையின் இடத்தை அது எடுக்காது. 35 வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியில் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். தனியே போகத் தயங்கினால் சங்கத்திலிருந்து நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு நாள் போய்வாருங்கள்.