கட்டடத்துக்குப் பத்தாண்டு, கட்டியவனுக்கு இருபதாயிரம் திர்ஹம்

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் கொட்டித் தீர்த்த மழையை எம்மவர்களில் பலர் கைத்தொலைபேசிக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அல் ஐன் பகுதியில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர். 1949 இல் பதிவுகள் தொடங்கிய பின்னர் அந்நாடு கண்டிராத மழை அது. இரண்டு மாதங்களுக்குச் சற்றுப் பின்னர் டுபாய் அரசு 30 பில்லியன் திர்ஹம் செலவில் ‘தஸ்ரீஃப்’ என்ற மழைநீர் வடிகால் திட்டத்தை அறிவித்தது. அதே ஏப்ரல் மாத இறுதியில் அல் மக்தூம் விமான நிலையத்தின் 128 பில்லியன் திர்ஹம் விரிவாக்கத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது.

ஒப்பந்தகாரர்களுக்கு இது அறுவடைக் காலம். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் இராமநாதபுரத்திலும் இருக்கும் முகவர்களுக்கும் அப்படியே. இவ்வளவு பெரிய வேலைகள் வரும்போது விழப்போகும் கம்பனிகளும் வரும் என்பதுதான் எமது கவலை.

முதலில் கட்டடத்தின் நிலையைப் பார்ப்போம். அமீரகத்தின் 1985 ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் 880 ஆவது பிரிவில் ஒரு கடுமையான விதியை வகுத்தது. கட்டடம் முழுமையாகவோ பகுதியாகவோ இடிந்தால், அல்லது அதன் உறுதியைப் பாதிக்கும் குறை தென்பட்டால், ஒப்பந்தகாரரும் வடிவமைத்து மேற்பார்வை செய்த பொறியியலாளரும் சேர்ந்து பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பு. நிலத்தில் குறை இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தப் பொறுப்பைக் குறைக்கும் ஒப்பந்த வாசகம் எதுவும் செல்லாது. சவூதி அரேபியா ஒரு படி மேலே போய், உள்ளார்ந்த கட்டுமானக் குறைகளுக்கு எதிரான பத்தாண்டுக் காப்புறுதியையே கட்டாயமாக்கியது. கட்டட உரிமையாளரின் பணம் பாதுகாப்பாக இருக்கிறது. வங்கியும் தன் பங்குக்குப் பிணை வாங்காமல் உத்தரவாதக் கடிதம் கொடுப்பதில்லை.

கட்டியவனின் பணம்?

2020 செப்டெம்பர் 30 அன்று அரப்டெக் நிறுவனத்தின் பங்குதாரர்கள் கம்பனியைக் கலைத்துவிட வாக்களித்தார்கள். புர்ஜ் கலிபாவைக் கட்டிய கூட்டு நிறுவனங்களில் ஒன்று அது. டுபாய் பங்குச் சந்தையில் இருந்தது. சுமார் 40,000 பேர் அங்கு வேலை செய்தார்கள். அதற்கு முன்னர், 2017 இல், சவூதி ஓஜர் மூடப்பட்டது. அதன் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் கிடந்ததும், 2016 ஆகஸ்டில் இந்திய அமைச்சர் ஒருவரே ஜெத்தாவுக்குப் போக நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

நாம் வணிகமாணிப் பட்டத்துடன், அகதியாக மேற்கே வருவதற்கு முன்னர், வளைகுடாவில் ஒரு சிறிய ஒப்பந்தக் கம்பனியில் கணக்கெழுதினோம். ஆண்டு முடிவில் பணிக்கொடைக்கான ஒதுக்கீட்டை ஐந்தொகையின் பொறுப்புப் பக்கத்தில் எழுதுவது எமது வேலை. அந்த எண் ஆண்டுதோறும் வளர்ந்தது. அதற்கெதிராக வங்கியில் ஒரு சதம்கூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. சட்டம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். பதினைந்து வருடம் சீமெந்து சுமந்தவனின் சேமிப்பு என்பது முதலாளியின் புத்தகத்தில் எமது கையெழுத்தில் இருந்த ஓர் எண். கம்பனி நின்றால் எண்ணும் நின்றுவிடும்.

அமீரகம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. முன்பு முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் 3,000 திர்ஹம் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். 2018 முதல் அதற்குப் பதிலாகக் காப்புறுதி எடுக்கலாம் என்றானது. 2022 இன் அமைச்சுத் தீர்மானத்தின்படி தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கு 30 மாதங்களுக்கு 137.50 திர்ஹம், தேர்ச்சி குறைந்தவருக்கு 180 திர்ஹம். முதலாளி கொடுக்க முடியாமல் போனால் சம்பள நிலுவை, பணிக்கொடை, பயணச் செலவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20,000 திர்ஹம் வரை கிடைக்கும். முன்னைய நிலையோடு ஒப்பிட்டால் உண்மையான முன்னேற்றம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 2,500 திர்ஹம், மொத்தச் சம்பளம் 4,000 திர்ஹம் பெறும் ஒரு மேசன் மேற்பார்வையாளர் 18 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார் என்று வைப்போம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், பின்னர் 30 நாள் அடிப்படைச் சம்பளம். ஆக 495 நாள், 41,250 திர்ஹம். மூன்று மாதச் சம்பளமும் நிலுவை என்றால் இன்னும் 12,000. மொத்தம் 53,250. காப்புறுதி 20,000 இல் நின்றுவிடும். மீதி 33,250 க்கு அவர் மற்றக் கடன்காரர்களோடு சேர்ந்து கலைப்பாளரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதிதாகப் போன இளைஞனுக்கு இந்தக் காப்பு போதும். நீண்டகாலம் உழைத்தவருக்கே குறை அதிகம். இது தலைகீழான ஏற்பாடு.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. டுபாய் சர்வதேச நிதி மையத்தில் 2020 பெப்ரவரி முதல் பணிக்கொடையை மாதாமாதம் தனி நிதியம் ஒன்றில் செலுத்துவது கட்டாயம். குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்கு வந்துவிட்டது. 2023 இல் அமீரக அமைச்சரவை அதேபோன்ற சேமிப்புத் திட்டத்தை ஏனைய தனியார் துறைக்கும் கொண்டுவந்தது. ஆனால் சேர்வதும் சேராமல் விடுவதும் முதலாளியின் விருப்பம். பஹ்ரைன் விருப்பத்துக்கு விடவில்லை. 2024 மார்ச் முதல் அங்கு முதலாளிகள் வெளிநாட்டவரின் பணிக்கொடையை மாதந்தோறும் சமூகக் காப்புறுதி அமைப்பிடம் செலுத்த வேண்டும். கம்பனி விழுந்தாலும் செலுத்திய பணம் விழாது. டுபாயால் இதைச் செய்ய முடியாது என்று நம்புவது கடினம்.

ஊரிலிருந்து எம்மைக் கேட்பவர்கள் இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2023 ஜனவரி முதல் தொழிலாளி தானே மாதம் 5 திர்ஹம் கட்டும் வேலையிழப்புக் காப்புறுதி வேறு. அது அடிப்படைச் சம்பளத்தின் 60 வீதத்தை அதிகபட்சம் மூன்று மாதம் தரும், அதுவும் தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால். பழைய நிலுவையை அது தொடாது. நிலுவைக்கு மனிதவள அமைச்சில் முறைப்பாடு செய்ய வேண்டும். 50,000 திர்ஹமுக்கு மேற்படாத பிணக்குகளில் 2024 ஜனவரி முதல் அமைச்சே முடிவு சொல்லலாம். வழக்குத் தொடுக்கும் காலம் முன்பு ஓராண்டு. 2024 ஆகஸ்ட் 31 முதல் வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். “அடுத்த மாதம் தருவோம்” என்ற வார்த்தையை நம்பி ஊருக்கு விமானம் ஏறியவர்களும் இந்த இரண்டு ஆண்டுக்குள் கேட்கலாம். சம்பளச் சீட்டு, ஒப்பந்தப் பிரதி, வங்கிக் கூற்று மூன்றையும் முகாமைவிட்டு வெளியேற முன்னர் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.