எஞ்சினுக்கு வேண்டிய காற்று

டீசலை வாங்குங்கால் கமக்காரர் காட்டும் கவனத்திற் காற்பங்கேனும் காற்றின்மீது காட்டுவதில்லை. டீசலுக்குப் பணங் கொடுக்கிறோம். காற்று விலையின்றிக் கிடைக்கின்றது. காரணம் இதுவாகலாம். ஆயினும் ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்கு 10,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று வேண்டும். புழுதி பறக்கும் நிலத்தில் இருசில்லு உழவு இயந்திரம் ஒரு நாளில் உட்கொள்ளுங் காற்றை வாசகர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. பிஸ்டன் மேலெழுந்து, உருளையிலுள்ள காற்றை ஏறக்குறைய 18இல் ஒரு பங்காக அமுக்குகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறஞ் சுடுவதை யாவரும் அறிவர். அவ்வாறே இக்காற்றும் 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேற, அதனுள் விசிறப்படும் டீசல் தானே தீப்பற்றுகின்றது. 1897ஆம் ஆண்டில் ருடோல்ஃப் டீசல் ஜேர்மனியில் ஓட்டிக்காட்டிய எஞ்சினும் அமுக்கச் சூட்டாலேயே எரிந்தது.

மணற்றுகள் இரும்பினும் வன்மையுடையது. அஃது உருளையினுட் சென்று எண்ணெயோடு கலந்தால் அரம்போல் அராவும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தபின் அமுக்கிய காற்று கசியும். வேண்டிய சூடு பிறவாது. பெரும்போக உழவுக்கு மழை விழுந்த காலையில், எத்தனை முறை சுழற்றியும் எஞ்சின் இயங்காது நிற்பது பெரும்பாலும் இதனாலேயே.

காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டாற் பலங் கூடுமென்பார் உளர். அடைபட்ட வடிகட்டியை அகற்றினாற் கூடுவது மெய்யே. ஆனால் அதனைத் துப்புரவு செய்து பூட்டினாலும் அப்பலமே கிடைக்குமன்றோ? சிறிது மண்ணெண்ணெயில் முடியும் வேலைக்காக எஞ்சினையே தேயவிடுவது எவ்வகையிலும் இலாபமன்று.

எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியாயின், கம்பிவலையை மண்ணெண்ணெயிற் கழுவி உலரவிட்டு, கிண்ணத்திற் குறித்த அளவுக்குப் புதிய எண்ணெய் வார்க்குக. அளவு மிஞ்சினால் எஞ்சின் அவ்வெண்ணெயையும் உறிஞ்சும். கடதாசி வடிகட்டியைக் கழுவலாகாது; மெல்லத் தட்டித் தூசை உதிர்த்து, பழுதாயின் மாற்றுக. சூடடிக்குங் காலத்தில் நாடோறும் பார்த்தல் வேண்டும்.

சுமையின்றி ஓடும்போதுங் கரும்புகை வந்தால் முதலிற் காற்று வடிகட்டியைப் பார்க்க. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். பழைய எஞ்சின் வாங்கச் செல்வோர் புதிய வர்ணத்தைக் கண்டு மயங்காது, வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றுவித்து, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க. துணியிற் புழுதி ஒட்டினால் அவ்வெஞ்சினை வாங்காது விடுக.